வேறு கடையில் அடுக்கியது

விதி இதுதான்:
மருந்தை என் கடையில் அடுக்கவில்லை என்றால்
வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.
முதல் பை கைமாறுவதற்கு முன்னால்,
வாயாலும் சொல்லி, எழுதியும் ஒட்டி.
எந்தக் கடை, எந்த ஊர், உரிம எண் என்ன.
பிழை வந்தால் யார் பொறுப்பு.
வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஏர்வாடியில் கச்சான் காற்றுக்கு
செல்லோடேப் மூன்று நாள் தாங்கும்.
நாலாம் நாள் அறிவிப்பு
உப்புக்கரைசல் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது.
எடுத்துக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டினேன்,
தெருவில் நிற்பவர் படிக்கிற மாதிரி.
எனக்குத் தெரிவது அதன் வெள்ளை முதுகு மட்டும்.

ஒன்பதே காலுக்கு ராமநாதபுரம் பேருந்து.
நடத்துநர் மரியசூசை
தன் இருக்கைக்கு அடியிலிருந்து நீலப்பெட்டியை இழுத்துத் தருவார்.
உள்ளே
இருபத்தாறு பேரின் ஒரு வாரம்.
காலை, மதியம், இரவு,
ஒவ்வொரு பையிலும் பெயர் அச்சடித்து.
சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு அரை.
நான் ஒருத்தி, கடை ஒன்று,
எண்ண நேரமில்லை என்பதைப் போய்
எந்த வரியில் எழுதுவது?

ஐஸ் ஆலை அப்துல் வதூது சிரித்தார்.
"நம்ம நண்டு தூத்துக்குடி போயி
வேற கம்பெனி பேருல கப்பலேறுது.
அதைத் திங்கிறவனுக்கு எவன் நோட்டீஸ் ஒட்டுறான்?"
படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

முனீஸ்வரி பாசி எடுக்கப் போகிறவள்.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருக்கும்,
மாத்திரை அட்டையைப் பிதுக்க வராது.
பையைப் பல்லால் கிழித்துக்கொள்வாள்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"அங்கன அடுக்குற புள்ள பேரு என்னா?"

விதியில் அதற்குக் கட்டமில்லை.
போன் போட்டுக் கேட்டேன். லோகேஸ்வரி.
"நல்லாருக்கட்டும்" என்று
பையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

ஆடி மாதம் ஒரு வியாழன்
ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.
இரவுப் பையில் இரண்டு வெள்ளை மாத்திரை.
எப்போதும் ஒன்று.
"லோகேசு தூங்கிட்டாளா, மெடிக்கலக்கா?"

ராமநாதபுரத்தைக் கூப்பிட்டுக் கத்தினேன்.
அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
பிறகு, தயங்கித் தயங்கி,
"நீங்க அனுப்புன லிஸ்ட்டுலயே ரெண்டுன்னுதானக்கா இருக்கு."

இருந்தது.
என் விரல் தட்டிய இரண்டு.

முனீஸ்வரியிடம் சொன்னேன்.
அறிவிப்பின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள்
"அப்ப உன் பேரையும் அதுல எழுது" என்றாள்.
எழுதினேன். பேனா மை
உப்புக்காற்றில் ஒழுகி ஊதாவாகிவிட்டது,
படிக்கலாம்.

வேண்டாம் என்றவள் ஒருத்திதான்.
அவள் பெயர் சொல்ல மாட்டேன்.
வலிப்புக்கு மாத்திரை, பதினொரு வருஷமாக.
பெண் பார்த்துப் போனவர்கள் வீடு
ராமநாதபுரத்தில், அந்தக் கடை இருக்கும் அதே தெரு.
அம்மாவும் மகளும் கல்லாவுக்கு மிக அருகில் வந்து
ஏதோ கடன் கேட்பது போலக் கேட்டார்கள்:
"வேண்டாம்னு சொல்லலாந்தானே?"

சொல்லலாம். கடைசி வரி.
அந்த வரியை
அதுவரை யாரும் தொட்டதில்லை.

அதனால் வியாழன் இரவுகளில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தட்டில் கொட்டி எண்ணுகிறேன்.
பதினாலு. மறுபடி எண்ணினால் பதினாலு.
இப்போதெல்லாம் மூன்றாம் முறையும்.
கடைசிப் பேருந்து தர்காப் பக்கம் திரும்புகிறது.

பெயரில்லாமல் கொடுக்க எனக்கு அனுமதியில்லை.
பெயரை எழுதி,
எழுத்து உள்ளே பார்க்கும்படி
மடித்து ஒட்டுகிறேன்.